கைதட்டிய பையன்களை நீக்கியவர்களுக்கு

நம் ஊர் திரைப்பட வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு, அப்புறம் போன மாதப் படத்தில் பாதியில் எழுந்து போனவர்களுக்கும், போகாமல் உட்கார்ந்து கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். மாதா மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஹாலைத் திறந்து, நாற்காலியில் படிந்த ஈரத்தைத் துடைத்து, ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து வைக்கிறவள். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட மைக்கைக் கேட்டதில்லை. இதையும் வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதியிருப்பேன், ஆனால் அந்தப் படத்தின்போது கண்ணியக்குறைவாக நடந்தார்கள் என்று மூன்று பையன்களை நீக்கிவிட்டு, இனி நிர்வாகிகள் மட்டும்தான் எழுதலாம் என்று பூட்டிவிட்டீர்கள். அதனால் ஊருக்கே தெரியும்படி எழுத வேண்டியதாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அல்லது கோபித்துக்கொண்டே படியுங்கள்.

போன மாதம் 'பேட்டில் ராயல்' போட்டீர்கள். அன்றைக்கு வராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2000-ல் வந்த ஜப்பானியப் படம், கின்ஜி ஃபுகாசாகு இயக்கியது. நாடு நொடித்துப்போகிறது, நூற்றுக்கு 15 பேருக்கு வேலை இல்லை, 8 லட்சம் மாணவர்கள் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று நின்றுவிடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பிள்ளைகளைக் கண்டாலே பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தில் ஒரு சட்டம் போடுகிறார்கள். அதன்படி ஒரு ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்து, சுற்றுலா என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றி, மயங்க வைத்து, ஒரு தீவில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். மொத்தம் 42 பேர். மூன்று நாளைக்குள் ஒருவரை ஒருவர் கொன்று ஒரே ஒரு ஆள் மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் கழுத்தில் பூட்டியிருக்கிற பட்டை மிச்சமிருக்கிற அத்தனை பேருக்கும் வெடித்துவிடும். ஆளுக்கொரு பை கொடுக்கிறார்கள். ஒருவன் பையில் துப்பாக்கி, ஒருத்தி பையில் பைனாகுலர், நம் கதாநாயகன் ஷுயாவின் பையில் வெறும் பாத்திர மூடி.

அந்த மூடியைப் பார்த்துத்தான் ஹாலில் முதல் சிரிப்பு வந்தது. சிரித்தது பின்வரிசைப் பையன்கள் மட்டுமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செயலாளர் சாரும் சிரித்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எனக்கு முதல் அரை மணி நேரம் படம் பிடிக்கவே இல்லை. ரத்தம் வருவதற்கு முன்னாலேயே பிடிக்கவில்லை, அந்த பஸ்ஸைப் பார்த்ததிலிருந்தே. 17 வருடம் இந்த மலையில் ஒரு பள்ளியின் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். ஜூன் மாதம் கீழே இருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பாதிப் பேர் வாந்தி எடுத்து, தூங்கி, முழிக்கும்போது குளிரும் மஞ்சும், முன்பின் தெரியாத ஒரு கட்டடமும்தான் கண்ணில் படும். படிக்கத்தான் அனுப்புகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகள் வேறு காரணத்துக்காக வருவார்கள். அப்பா அம்மாவுக்குள் சண்டை, வீட்டில் ஒரு சாவு, பையன் யார் பேச்சையும் கேட்பதில்லை, கொண்டுபோய் ஊட்டிப் பக்கம் விடு, அடங்கிவிடுவான். பெட்டியை இறக்கும்போதே அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மற்றதெல்லாம் அழும், அது அழாது.

அதனால் படத்தில் அந்தப் பிள்ளைகள் பஸ்ஸில் பாடிச் சிரித்துக்கொண்டு போய், ஒரு கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்தின் தரையில் கண் விழித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். டீ ஃபிளாஸ்க் என் பொறுப்பில் இருந்ததால் போகவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கிரியாமா என்கிறவன் இயந்திரத் துப்பாக்கியோடு வந்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள், ஒரு விசிலும் கேட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, மனுசங்களா நீங்கள் என்று கத்தினார். அதற்குள் கலங்கரை விளக்கக் காட்சி வந்துவிட்டது. ஐந்தாறு பெண்பிள்ளைகள் அந்த விளக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு, சமைத்து, பேசி, கொஞ்சம் சிரித்துக்கூட, நாம் எப்படியும் தப்பித்துவிடுவோம் என்று நம்புகிற இடம். அதில் ஒருத்தி, ஷுயாவைக் கொல்ல வேண்டும் என்று சாப்பாட்டில் விஷம் வைக்கிறாள், அந்தத் தட்டை வேறொருத்தி எடுக்கிறாள். சரியாக அங்கே கரண்ட் போனது.

பத்து நிமிடம் இருட்டு. வெளியே மழை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று யாரோ சொன்னார்கள் (அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்). அந்த இருட்டில் ஒரு அம்மா, யாரென்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம், அதுவரை இதெல்லாம் ஒரு படமா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர், "ஐயோ, அந்தப் பொண்ணு அதைச் சாப்பிடாம இருந்தா நல்லா இருக்குமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் குரல், "சாப்பிட்டுடும் ஆன்ட்டி" என்றது. அதுவும் கேலியாக இல்லை.

என்னைக் கேட்டால் அன்றைய கூட்டத்தில் உண்மையான கலந்துரையாடல் அந்தப் பத்து நிமிடம்தான். திட்டியவரும் கைதட்டியவனும் ஒரே தட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் வந்தது, அவள் சாப்பிட்டாள், செத்தாள், யார் வைத்தது என்று தெரியாமல் சந்தேகத்தில் தோழிகள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். அங்கேதான் பதினோரு பேர் எழுந்து போனார்கள். நாற்காலி எண்ணி அடுக்குகிறவள் நான், அதனால் கணக்கு தெரியும்.

மறுநாள் காலை உங்கள் அறிவிப்பு வந்தது. இனி வன்முறைப் படங்கள் கிடையாது, படத்துக்குப் பின் பேசுகிற வழக்கம் தற்காலிகமாக நிறுத்தம், கண்ணியக்குறைவாக நடந்த மூவர் குழுவிலிருந்து நீக்கம். இதில் மூன்றாவதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் படத்தைப் பற்றி இரண்டு பக்கத்தாரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் எழுந்து போனவர்களிடம். ரத்தம் அதிகம் என்றீர்கள். உண்மைதான், அதிகம்தான். ஆனால் நாம் எல்லோரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயம்புத்தூர் போய்க் குடும்பத்தோடு பார்க்கிற படங்களில் கதாநாயகன் அரிவாளை எடுத்து நாற்பது பேரைச் சாய்க்கிறான். அந்த நாற்பது பேரில் ஒருவனுக்காவது பெயர் இருக்கிறதா? லுங்கி கட்டிய ஒரு ஆள், பறந்து போய்க் கண்ணாடியில் விழுந்தான், அவ்வளவுதான், பாப்கார்ன் கீழே சிந்தவில்லை. இந்தப் படத்தில் ஒவ்வொரு பிள்ளை செத்ததும் படம் நிற்கிறது. திரையில் பெயர் வருகிறது, வகுப்பு எண் வருகிறது, இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று வருகிறது. அப்புறம் நேரத்துக்கு நேரம், இந்த விளையாட்டை நடத்துகிற அவர்களின் பழைய வாத்தியார் ஒலிபெருக்கியில் வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரியே செத்தவர்களின் பெயரை வாசிக்கிறார். 17 வருடம் ராத்திரி ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிட்டு எண்ணிப் படுக்க வைத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் படத்தில் நாற்பது சாவு நமக்கு உறைப்பதில்லை. இதில் உறைத்தது. உறைத்ததால்தான் எழுந்து போனீர்கள். அதைப் படத்தின் குற்றமாக மட்டும் எழுதிவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, இது உலகத்தரம், இதைப் பிடிக்கவில்லை என்கிறவர்களுக்கு ரசனை இல்லை என்று மறுநாள் பக்கம் பக்கமாக எழுதிய தம்பிகளிடம். ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோவுக்குப் பிடித்த படம் என்று மூன்று முறை எழுதியிருந்தீர்கள். பிடித்துவிட்டுப் போகட்டும், அவர் கோத்தகிரியில் விடுதி நடத்தவில்லை. ஒரு படத்தைப் பார்த்து ஒரு அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கிறது என்றால் அவருக்குப் படம் புரியவில்லை என்று அர்த்தம் ஆகாது, உங்களைவிடக் கூடுதலாகப் புரிந்திருக்கலாம். படத்திலும் குறை இருக்கிறது. அந்தக் கிரியாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கிருந்து வந்தான், ஏன் இப்படி என்று ஒன்றும் இல்லை, பொழுதுபோக்குக்காக விளையாட வந்தவன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். தலைமுடியும் துப்பாக்கியுமாக வருகிறான், சுடுகிறான், போகிறான். மற்ற 41 பேருக்கும் மனசு வைத்த இயக்குநர் இவனுக்கு மட்டும் ஸ்டைலை வைத்தார். 19 வயதுப் பையன் அதற்குக் கைதட்டினால் பாதிப் பழி படத்துக்கும் உண்டு. ஃபுகாசாகு இரண்டாம் பாகத்தை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே 2003 ஜனவரியில் இறந்துபோய், மகன் கென்டா முடித்து வெளியிட்டார். அதையும் யூடியூப்காரர்கள் சொன்னார்களே என்று பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆனால் சுகிமுரா என்று ஒருவன் வருகிறானே, அவனை எப்படி விடுவது. தீவு முழுக்க ஒரே ஒரு பெண்ணைத் தேடி அலைகிறான். கையில் ஆளிருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு கருவி, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போகிறான், கொல்வதற்காக இல்லை. கடைசியில் கண்டுபிடித்துக் கிட்டே போகிறான், அவள் பயத்தில் சுட்டுவிடுகிறாள். உன்னைப் பிடிக்கும் என்று சாகும்போதுதான் சொல்கிறான். அவளோ, நீ ஒரு நாளும் என்னிடம் பேசியதே இல்லையே என்று திகைத்து நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேசியிருந்தால் தீவில் சுட்டிருக்க மாட்டாள். இந்த ஒரு காட்சிக்காக மறுநாள் ராத்திரி பேத்தியின் லேப்டாப்பில் முழுப் படத்தையும் திரும்பப் பார்த்தேன். எத்தனை பையன்களின் தலையணை உறைக்குள் கொடுக்காத கடிதம் பார்த்திருக்கிறேன், எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது மட்டும்தான் அந்த வேலையில் நான் சரியாகச் செய்தது என்று சில நாள் தோன்றும்.

சரியாகச் செய்யாதது ஒன்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். ஒரு ஸ்டீல் ஸ்கேலைத் துவைக்கிற கல்லில் மாதக்கணக்கில் தேய்த்துக் கத்தி மாதிரி ஆக்கி மெத்தைக்கு அடியில் வைத்திருந்தான். நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் யாரையும் தொடவில்லை. எதற்கு என்று ஒருவரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட. மேலே கூடிப் பேசினார்கள், மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு என்றார்கள், சாயங்காலம் டிசி எழுதி, ராத்திரியே மாமாவை வரவழைத்து அனுப்பிவிட்டார்கள். அவன் பெட்டியை நான் கட்டினேன். அடுத்த வாரம்தான் தெரிந்தது, மேல் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ராத்திரியில் அவனை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று. அவர்கள் இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பரிசும் வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை, எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும்.

படத்திலும் ஒரு கத்தி வருகிறது. வராந்தாவில் வாத்தியாரை ஒரு பையன் குத்திவிட்டு ஓடுகிறான், அதே வகுப்புப் பெண் நோரிகோ அந்தக் கத்தியை எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறாள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் ஒப்படைப்பதில்லை, வீட்டு மேசைக்குள் இருக்கிறது என்று அந்த வாத்தியாரிடமே சொல்கிறாள். அவர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறார். டகேஷி கிடானோ என்கிற பெரிய நடிகர் அது, அவர் முகத்தில் ஒன்றும் அசையாது, ஆனால் அந்த இடத்தில் பாருங்கள். கண்டுபிடித்த கத்தியை உடனே மேலிடத்தில் ஒப்படைத்தவள் அந்தக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தலைவர் அண்ணன் அன்றைக்கு இதெல்லாம் நம்ப முடியாத கற்பனை, பிள்ளைகளைக் கண்டு பயந்து எந்த நாட்டில் சட்டம் போடுவார்கள் என்றார். 2000-ம் வருடம் மே மாதம் ஜப்பானில் 17 வயதுப் பையன் ஒருவன் கத்தியோடு ஒரு பஸ்ஸைக் கடத்தினான், அதில் ஒருவர் செத்துப்போனார். 1997-ல் கோபே நகரத்தில் 14 வயதுப் பையன் சின்னப் பிள்ளைகளைக் கொன்ற வழக்கு அதற்கு முன்னாலேயே நாட்டை உலுக்கியிருந்தது. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பின் அதே 2000 நவம்பரில், குற்றவியல் தண்டனைக்கு உரிய வயதை 16-லிருந்து 14-ஆகக் குறைத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த மாதம் இந்தப் படம் வெளியானது. படத்தை நிறுத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது, கல்வித் துறை வரைக்கும் விவகாரம் போனது. படத்தில் நடித்த பல பிள்ளைகளின் வயது என்னவோ அதே வயதுக்காரர்கள் தியேட்டருக்குள் போக முடியாதபடி 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்று முத்திரை குத்தினார்கள். தடுக்கத் தடுக்கக் கூட்டம் அள்ளியது. நம் நாட்டையும் பார்ப்போமே. 2012 டில்லி சம்பவத்துக்குப் பின் வந்த 2015 சட்டத்தில், கொடிய குற்றம் என்றால் 16 முதல் 18 வயதுக்காரர்களைப் பெரியவர்களாக வைத்து விசாரிக்கலாம் என்று ஆகிவிட்டது. அந்தச் சட்டம் சரியா தவறா என்று இங்கே நான் வாதாட வரவில்லை, எனக்கே அதில் இரண்டு மனசு. ஆனால் பெரியவர்களின் பயம் சட்டமாவது கற்பனை என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் போட்டதும் ஒரு குட்டிச் சட்டம்தான்.

அன்றைக்குக் கடைசிவரை இருந்தவர்களில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு, எப்போதும் மஃப்ளரோடு ஓரத்தில் உட்காருவாரே, அவர். படம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது கூட நின்று உதவினார். 1977-ல் இலங்கையில் கலவரம் நடந்தபோது அவருக்கு 14 வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள், தேயிலைச் செடிகளுக்குள் ராத்திரி முழுக்கப் படுத்திருந்தோம் என்றார். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. அந்தப் படத்திலிருந்த எந்தக் காட்சி உங்களைத் தொட்டது என்று கேட்டேன். ரத்தம் இல்லம்மா, மெகாஃபோன் என்றார். இரண்டு பெண்பிள்ளைகள் மலை உச்சியில் ஏறி நின்று, யாரும் சண்டை போட வேண்டாம், எல்லோரும் இங்கே வாருங்கள் என்று கூப்பிடுகிற காட்சி. அந்தக் கிரியாமா வந்து அவர்களைச் சுட்டுவிட்டு, அந்த மெகாஃபோனையே அவர்கள் வாயில் பிடித்து அலறலைத் தீவு முழுக்கக் கேட்க வைக்கிறான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலும் வாருங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நடுவில் போய் நின்ற ஒருவர் இருந்தார் என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

அவர் சொன்னதற்கும் படத்துக்கும் உறவு இருக்கிறது. ஃபுகாசாகு பிறந்தது 1930. போரின் கடைசி வருடம் 15 வயதில், வகுப்போடு சேர்த்து ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டவர். அங்கே குண்டு வீச்சில் சிக்கிக்கொண்டபோது பிள்ளைகள் ஒருவர் உடம்புக்குக் கீழே ஒருவர் புகுந்து உயிர் தப்பப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் செத்த தோழர்களின் உடம்பைப் பொறுக்கினார்கள். பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று அன்றைக்குத் தெரிந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கோஷுன் டகாமி எழுதி 1999-ல் வந்த நாவலை 70 வயதில் அவர் படமாக்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இந்த ஒரு விவரத்தைப் படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் யாராவது மைக்கில் சொல்லியிருந்தால் அன்றைய சண்டையில் பாதி நடந்திருக்காது. அறிமுக உரைக்கு நேரமில்லை, எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும், கரடி வரும் என்றீர்கள். கரடி வரும், ஒப்புக்கொள்கிறேன், போன வாரம்கூட பேக்கரி பக்கம் வந்தது. இருந்தாலும் இரண்டு நிமிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது முழுக்க உங்கள் தவறு. படத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போன பதினோரு பேரில் ஒருவர் வீட்டில் என்ன நடந்தது என்று இந்த ஊருக்கே தெரியும். படத்தின் ஆரம்பத்திலேயே கதாநாயகனின் அப்பா தூக்கில் தொங்குகிறார். நம் ஊர்க்காரர் அப்போதே எழுந்திருக்கப் பார்த்து, நடுவரிசை என்பதால் எல்லோரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். படத்தின் மேல் கோபம் இல்லை, சொல்லியிருந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன் என்றார். உங்கள் அறிவிப்பில் இவருக்கு ஒரு வருத்தச் சொல் இல்லை. பையன்களை நீக்கியதற்கு மட்டும் மூன்று வரி.

அந்தப் பையன்களுக்கு வருகிறேன். திங்கட்கிழமை டானிங்டன் பக்கம் டீக்கடையில் பிடித்தேன். ஆளுக்கு ஒரு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்து (வர்க்கி நமுத்திருந்தது), ஏண்டா கைதட்டினீர்கள் என்று கேட்டேன். முதலாமவன், கல்லூரி இரண்டாம் வருடம், விசில் அடித்தது கிரியாமாவுக்கு இல்லை மிஸ், பாத்திர மூடியோடு வந்தவன் இன்னும் சாகவில்லையே அதற்கு என்றான். நம்பினேன், பாதி. இரண்டாமவன் நேராகவே சொன்னான். அவன் கெத்தா இருந்தான், தட்டினேன், அதில் என்ன இருக்கிறது என்று. என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. அந்தக் கெத்து யார் தலையில் விடிந்தது என்று கேட்டேன், செத்தவர்களில் யார் பெயராவது நினைவிருக்கிறதா என்றேன். ஒரு பெயரும் சொல்லவில்லை, ஆனால் 'சாப்பிட்டுடும் ஆன்ட்டி' என்று இருட்டில் சொன்னது அவன்தான். படத்தை ஏற்கெனவே நாலு தடவை பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அவள் சாப்பிடக் கூடாது என்றுதான் இருக்கும் மிஸ், இருட்டில் அந்த ஆன்ட்டி சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றான். இந்த இரண்டு ஆளும் ஒரே ஆள்தான். கைதட்டியவனையும் ஒரு மாதிரி ஆனவனையும் தனித்தனியாகப் பிரித்து ஒருவனை மட்டும் நீக்க உங்களால் முடிந்தால் நீக்குங்கள்.

மூன்றாமவன் கைதட்டவே இல்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். நிர்வாகிகளிடம் போய்க் கேட்டாயா என்றதற்கு, கேட்டு என்ன ஆகப்போகிறது என்றான். அந்தக் குரல் எனக்குப் பழக்கம். பெட்டி கட்டும்போது கேட்டிருக்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள். மூவரையும் திரும்பச் சேருங்கள், மூன்றாமவனிடம் வாய்விட்டு வருத்தம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட படம் போடும் நாளில் 18-க்குக் கீழே வேண்டாம். அன்றைக்கு வாசலில் யாரையும் வயது கேட்கவில்லை, அதில் எனக்கும் பங்கு உண்டு, நின்றது நான்தான். என்ன மாதிரிப் படம், எந்த எந்த விஷயம் வரும் என்று முந்தைய நாளே எழுதிப் போடுங்கள், ஓர நாற்காலிகளை எழுந்து போக நினைப்பவர்களுக்கு விடுங்கள். நின்றுபோன கலந்துரையாடலை இந்தப் படத்துக்காகவே ஒரு நாள் வைத்துவிடலாம். அன்றைக்கு மைக் முதலில் பின்வரிசைக்குப் போகட்டும், அப்புறம் எழுந்து போன பதினோரு பேருக்கு, நிர்வாகிகள் கடைசியில் பேசலாம். சமூகப் பொறுப்புள்ள படங்கள் என்று அடுத்த மாதத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். போடுங்கள், வந்து நாற்காலி துடைக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் பதினைந்து வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை, எல்லாம் ஏழு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும்.

ஹாலின் இன்னொரு சாவியைச் செயலாளர் சார் வியாழக்கிழமை ஆள் அனுப்பிக் கேட்டார். தரவில்லை. இரண்டாம் சனிக்கிழமை வழக்கம்போல நான்கு மணிக்குத் திறப்பேன், ஜெனரேட்டருக்கு டீசல் என் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் இருவர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள், மூன்றாமவன் பார்க்கலாம் என்றான்.

இப்படிக்கு,
டீ ஃபிளாஸ்க் கொண்டுவருகிறவள்
கோத்தகிரி